பயிரின் கணக்கும் பணத்தின் கணக்கும்

காணி உண்டு, கிணறு உண்டு, கைக்குதவி செய்ய வீட்டில் ஆளும் உண்டு. வருகின்ற போகத்துக்கு எதை நடுவது? வெண்காயமா, மிளகாயா, புகையிலையா, அல்லது செலவு குறைந்த பயறோ எள்ளோ? யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவர் வேலியோரம் நின்று அயலவருடன் பேசும் பேச்சிற் பாதி இதுவேயாகும். அவரிடம் எழுதி வைத்த கணக்குப் புத்தகம் இல்லை. ஆயினும் அவர் மனத்தில் இரண்டு கணக்குகள் ஒரே வேளையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த மண்ணில், இந்தத் தண்ணீரில், இந்தப் பருவத்தில் எந்தப் பயிர் எவ்வளவு தரும் என்பது ஒன்று. தந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோனாற் கையில் என்ன மிஞ்சும் என்பது மற்றொன்று.

முன்னதைப் பயிரின் கணக்கு என்போம். பின்னதைப் பணத்தின் கணக்கு என்போம். தோட்டக்காரர் பிரித்தறியாத இவ்விரண்டையும் கல்விமான்கள் நெடுங்காலம் வெவ்வேறு மண்டபங்களில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தாவர நூலார் ஒன்றையும் பொருளியல் நூலார் மற்றொன்றையும் ஆராய்ந்தனர். பூட்டைத் திறந்து இரண்டையும் ஒரே மேசையில் வைத்தபோது என்ன நிகழ்ந்தது? அதனையே இன்று வாசகர்களுடன் சேர்ந்து காண விரும்புகின்றோம்.

இரண்டையும் பிரிக்காமலே சிந்தித்த ஒருவர் தொடக்கத்திலேயே இருந்தார் என்பது வியப்புக்குரியது. உயர்தர வகுப்பிற் புவியியல் பயிலும் மாணவர் அவர் பெயரை அறிவர். 1783 இல் ஜேர்மனியிற் பிறந்த வொன் தியூனன், மெக்கிளன்பேர்க் நாட்டில் தெல்லோ என்னும் பண்ணையை 1810 இல் விலைக்கு வாங்கினார். வாங்கிய நாள்தொட்டு ஒவ்வொரு வயலின் விளைச்சலையும், ஒவ்வொரு கூலியாளின் வேலைநாளையும், ஒவ்வொரு வண்டி தானியத்தின் போக்குவரத்தையும் எழுதி வைத்தார். பட்டணத்துக்குத் தானியம் ஏற்றிச் செல்லும் வண்டியின் குதிரைகள் வழியிலே அத்தானியத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தூரம் கூடக்கூட, தின்பதும் கூடும். ஆகவே மண் எங்கும் ஒரே தரத்தினதாய் இருப்பினும், பட்டணத்துக்கு அண்மையில் மரக்கறியும் பாலும், அதற்கப்பால் விறகுக் காடு, அதற்கும் அப்பால் தானியம், எல்லையில் மந்தை என வளையம் வளையமாக நிலப்பயன்பாடு அமையும் என்றார். பாடநூல்களில் இவ்வளையங்களின் படம் மட்டும் நிலைத்துவிட்டது. அப்படத்துக்குப் பின்னால் ஐந்து ஆண்டுக் கணக்கேடு இருந்ததை எவரும் மாணவருக்குச் சொல்வதில்லை. அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1826.

இனி நமது தோட்டத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஒருவரிடம் 8 பரப்புக் காணி இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கிணறு வாரமொன்றுக்கு 28 மணி நேரம் இறைக்கத் தண்ணீர் தரும். அதற்கு மேல் இறைத்தால் வற்றிவிடும். வெண்காயம் பரப்பொன்றுக்கு 30 பங்கு இலாபம் தருகின்றது. ஆனால் வாரத்தில் 6 மணி நேர இறைப்பைக் கேட்கின்றது. பயறு 10 பங்குதான் தரும். 1 மணி நேர நீர் அதற்குப் போதும். இவ்வெண்கள் யாவும் கணக்குக்காக நாமே இட்டவை.

வெண்காயம் மூன்று மடங்கு இலாபம் தருகின்றதே என்று அதை மட்டும் நட்டால், நான்கே முக்காற் பரப்பு ஆகுமுன்னரே தண்ணீர் முடிந்துவிடும். வருவாய் 140. மூன்று பரப்புக்கு மேல் தரிசாகக் கிடக்கும். முழுவதும் பயறு விதைத்தால் வருவாய் 80. தண்ணீர் வீணே கிணற்றில் நிற்கும். பாதிக்குப் பாதியாக, 4 பரப்பு வெண்காயமும் 4 பரப்புப் பயறும் வைத்தால் 24 மணி நேரமும் 4 மணி நேரமுமாகத் தண்ணீர் சரியாகச் செலவாகும், நிலமும் தரிசில்லை, வருவாய் 160. இதற்கு மேல் ஒருவராலும் எடுக்க இயலாது.

இவ்வளவு சிறிய கணக்கைப் பென்சிலாற் போட்டுவிடலாம். பயிர்கள் முப்பது, வயல்கள் முந்நூறு, தடைகள் ஆயிரம் என்றாகும்போது வேறு வழி வேண்டும். அவ்வழியை 1939 இல் லெனின்கிராட்டில் கன்டரோவிச் என்னும் இளம் கணித அறிஞர் கண்டார். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையொன்று தன் இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடுவது எவ்வாறு என்று கேட்டதிலிருந்து அவர் ஆராய்ச்சி பிறந்தது. 1947 இல் அமெரிக்கரான டான்சிக் தம் வழியில் அதனை அடைந்தார். நேர்கோட்டுத் திட்டமிடல் என்று அதற்குப் பெயர். இதன் பயனைப் பரிசோதிக்க முதலில் எடுக்கப்பட்ட கணக்குகளுள் ஒன்று இல்லத்தரசிகளுக்கு உவப்பானது. ஸ்டிக்ளர் என்ற பொருளியலார், 77 உணவுப் பொருள்களிலிருந்து ஒருவருக்கு வேண்டிய ஊட்டங்கள் அனைத்தையும் மிகக் குறைந்த செலவிற் பெறுவது எப்படி என்று கேட்டு, 1939 ஆம் ஆண்டு விலைப்படி வருடத்துக்கு 39 டொலர் 93 சதம் என்று தம் ஊகத்தால் 1945 இல் விடை கூறியிருந்தார். புதிய முறைப்படி ஒன்பது எழுதுவினைஞர் மேசைக் கணிப்பொறிகளோடு உழைத்தனர். 120 ஆள்நாள் சென்றது. கிடைத்த விடை 39 டொலர் 69 சதம். இருபத்துநான்கு சதத்துக்காக இத்தனை பாடா என்று சிரிக்கத் தோன்றும். அன்றியும், அப்பட்டியலில் மாவும் கோவாவும் அவரையும் இருந்தனவேயன்றி, உண்பவருடைய நாவுக்கு அதில் இடமிருக்கவில்லை. இக்குறையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் இதே குறை பேருருவம் கொண்டு வரக் காண்போம்.

நம் எட்டுப் பரப்புக் கணக்கில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கின்றது. கோடை முற்றிக் கிணற்றில் 18 மணி நேரத்து நீரே உள்ளது என்போம். அப்போது சிறந்த வழி 2 பரப்பு வெண்காயம், 6 பரப்புப் பயறு, வருவாய் 120. பத்து மணி நேரத் தண்ணீர் குறைந்ததால் 40 பங்கு குறைந்தது. ஆகவே ஒரு மணி நேரத் தண்ணீரின் பெறுமதி 4. காணி ஒரு பரப்புக் கூடினால் வருவாய் 6 கூடும் என்பதையும் இவ்வாறே காணலாம். சந்தையில் விலையில்லாத கிணற்று நீருக்கு விலை குறித்துத் தருகின்றது இக்கணக்கு. கன்டரோவிச்சின் கண்டுபிடிப்பில் மிக ஆழமானது இதுவென்றே நாம் கருதுகின்றோம். அவருக்கு 1975 இல் நோபெல் பரிசு கிடைத்தது. டான்சிக்குக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றளவும் பலருக்கு மனக்குறை.

ஆயின், வெண்காயத்துக்கு 6 மணி நேரம், இலாபம் 30 என்று நாம் இட்டோமே, அவ்வெண்கள் எங்கிருந்து வரும்? தோட்டக்காரர் தம் அனுபவத்திலிருந்து சொல்வார். பரிசோதனைப் பண்ணையிற் பல அளவிற் பசளையிட்டுப் பார்த்து எழுதலாம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஹீடி முதலியோர் அவ்வாறே செய்தனர். ஆனால் அனுபவமும் பரிசோதனையும் நடந்து முடிந்ததையே கூறும். இதுவரை அப்பயிரைக் கண்டிராத மண்ணில், இதுவரை வந்திராத வெப்பத்தில், அது என்ன தரும்? பணத்தின் கணக்கு இவ்விடத்தில் வாய்மூடி நின்றது. விடை பயிரின் மண்டபத்திலிருந்து வரவேண்டியதாயிற்று.

அங்கே இருந்தவர் ஒல்லாந்து தேசத்து டி விற். 1924 இற் பிறந்து 1993 இல் மறைந்த இவர் வாகெனிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர். இளமையிற் பர்மாவிற் சிறிது காலம் பணிபுரிந்தவர். செடியை ஓர் உயிருள்ள தொழிற்சாலையாக வைத்துக் கணக்கெழுதத் துணிந்தவர் அவர். பயிர் எவ்வளவு நீரை இலைவழியே ஆவியாக விடுகின்றது, அதற்கீடாக எவ்வளவு உலர்நிறையைச் சேர்க்கின்றது என்னும் தொடர்பை 1958 இல் எழுதினார். நெருங்கி வளர்ந்த பயிரில் வெயில் மேலிலையிலிருந்து கீழிலைக்கு எவ்வாறு வடிந்து இறங்குகின்றது என்பதை 1965 இற் கணனியின் துணைகொண்டு கணித்தார்.

அவரும் அவர்வழி வந்தோரும் அமைத்த பயிர் மாதிரியுரு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். மாதிரியுரு என்றவுடன் களிமண்ணிற் செய்த உருவத்தை எண்ணவேண்டாம். இது சமன்பாடுகளின் தொகுதி. கணனிக்குள்ளே விதை முளைக்கின்றது. முதல் நாள் வெயில் எவ்வளவு? இலைப்பரப்பு எவ்வளவு? ஆகவே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து ஒளித்தொகுப்பாற் பெற்ற வெல்லம் எவ்வளவு? அதிற் செடி தன் சுவாசத்துக்குச் செலவிட்டது போக மிஞ்சியதை வேருக்கும் தண்டுக்கும் இலைக்கும் பங்கிடு. இலை சற்று அகன்றது. இனி இரண்டாம் நாள். இப்படியே நாள்தோறும் கணக்கு நடக்கும். வெப்பம் சேர்ந்து ஓர் அளவை எட்டியதும் பூக்கும் பருவம். அதன்பின் பங்கு முழுவதும் மணிக்கே. மண்ணில் ஈரம் குறைந்த நாளில் இலை தன் வாயிலை மூடும். அன்றைய வெல்லம் குறையும். நான்கு மாதப் பயிர் கணனியில் ஒரு கணத்தில் விளைந்துவிடும். வெயிலும் வெப்பமும் மட்டும் எல்லையிட்டால் எவ்வளவு விளையும், தண்ணீர்க் குறையும் சேர்ந்தால் எவ்வளவு, பசளைக் குறையும் பூச்சியும் நோயும் சேர்ந்தால் எவ்வளவு எனப் படிப்படியாக இறங்கி வரலாம். வாகெனிங்கனில் உருவான இத்தகைய மாதிரியுருவொன்றை ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளின் விளைச்சலை முன்கூட்டி மதிப்பிட இன்றும் பயன்படுத்துகின்றது.

இரண்டு கணக்குகளும் பெருமளவிற் கைகோத்தது 1992 இல், ஒல்லாந்திலேதான். அதற்கு முந்திய நிலையை அறிந்தால் அதன் கனம் விளங்கும். போருக்குப் பின் பட்டினியைக் கண்டிருந்த மேற்கு ஐரோப்பா, 1962 முதல் தன் கமக்காரருக்கு உறுதி விலை கொடுத்தது. கமக்காரர் விளைவித்தனர், மேலும் மேலும் விளைவித்தனர். வெண்ணெய் மலையென்றும் வைன் ஏரியென்றும் பத்திரிகைகள் எள்ளி நகையாடும் அளவுக்குக் களஞ்சியங்கள் நிரம்பின. 1968 இல், ஒல்லாந்தரான மான்ஸ்ஹோல்ட் 50 இலட்சம் ஹெக்டேயரைக் கமத்தொழிலிலிருந்து விலக்க வேண்டும், ஐம்பது இலட்சம் பேர் வேறு தொழிலுக்குப் போக வேண்டும் என்று திட்டமிட்டார். 1971 இற் பிரசல்ஸ் நகரிற் கமக்காரர் கொதித்தெழுந்தனர். ஓர் உயிரும் போயிற்று. 1984 இற் பாலுக்குப் பங்கீட்டு அளவு வந்தது. அப்போதும் கேள்வி தீரவில்லை: இவ்வளவு நிலமும் இனித் தேவைதானா?

ஒல்லாந்து அரசின் கொள்கை ஆலோசனைச் சபை இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. அன்றைய பன்னிரு நாடுகளின் மண்ணையும் காலநிலையையும் பயிர் மாதிரியுருவுக்குள் இட்டு, எங்கே எப்பயிர் எவ்வளவு தரும் என்று கணித்தார்கள். அவ்விடையை நேர்கோட்டுத் திட்டமிடலுக்குள் இட்டார்கள். மக்களுக்கு வேண்டிய உணவு கிடைக்க வேண்டும் என்பது தடை. நோக்கம் எது? இங்கேதான் அறிக்கையாளர் அறிவுடைமையோடு நடந்தனர் என்போம். நோக்கம் இதுவென்று தாமே முடிவு செய்யாமல், நாட்டில் நிலவிய நான்கு அரசியற் கருத்துகளை எடுத்துக்கொண்டனர். சந்தையைத் தன்போக்கில் விடுவது ஒன்று. பின்தங்கிய பிரதேசங்களிலும் கமத்தொழிலில் வேலைவாய்ப்பை நிலைநிறுத்துவது மற்றொன்று. இயன்றவரை நிலத்தைக் காட்டுக்கும் பறவைக்கும் விட்டுவிடுவது மூன்றாவது. நிலத்தடி நீர் கெடாதபடி நைதரசனையும் நஞ்சையும் குறைப்பது நான்காவது. ஒரே மண், ஒரே வெயில், ஒரே சமன்பாடு. நோக்கத்தை மட்டும் மாற்றி நான்கு முறை கணனியை ஓட்டினார்கள்.

அன்று கமத்தொழிலிலிருந்த நிலம் ஏறத்தாழ 12 கோடியே 70 இலட்சம் ஹெக்டேயர். இயற்கையை முதன்மையாகக் கொண்ட கணக்கில் அதில் 2 கோடியே 60 இலட்சம் போதும் என்றது கணனி. வேலைவாய்ப்பை முதன்மையாகக் கொண்ட கணக்கிலும் எண்பது இலட்சத்தின் பத்து மடங்குக்கு, அதாவது 8 கோடிக்கு, மேற்போகவில்லை. மான்ஸ்ஹோல்ட் விலக்கச் சொன்னதோ 50 இலட்சம். அதற்கே ஊர் தீப்பற்றியது. இவர்களுடைய எண்ணின்படி, எந்த வழியிற் சென்றாலும் நாலரைக் கோடி ஹெக்டேயருக்குக் குறையாத நிலம் வேண்டாததாகும். கமத்தொழிலுக்கு வேண்டிய உழைப்பும் நான்கு வழிகளிலும் இருந்ததிற் பாதிக்குக் கீழே இறங்கியது. 'தெரிவுகளுக்கான தளம்' என்று பொருள்படும் தலைப்போடு அவ்வறிக்கை வெளிவந்தது.

இதைத் தீர்க்கதரிசனமாக எடுத்துக்கொண்டவர் பலர். அவ்வாறன்று. எல்லை எதுவரை என்று காட்டுவதே நோக்கம் என்று அறிக்கையாளரே எழுதினர். எங்கும் மிகச் சிறந்த முறையிற் பயிரிடப்படும் என்ற எடுகோளின் மேல் எழுந்த கட்டடம் அது. உண்மையில் ஐரோப்பாவின் கமநிலம் அவ்வாறு சுருங்கிவிடவில்லை. ஏன்? ஸ்டிக்ளரின் உணவுப் பட்டியலில் நாவுக்கு இடமில்லாதவாறு, இப்பெருங்கணக்கில் கமக்காரருக்கு இடமிருக்கவில்லை. நிலம் இருந்தது, வெயில் இருந்தது, கோதுமை இருந்தது; தந்தை விட்டுச்சென்ற வயலைத் தரிசாக விட மனமில்லாத மனிதர் இருக்கவில்லை. கடன்காரர் இருக்கவில்லை. சென்ற ஆண்டு விலை விழுந்ததைக் கண்டு இவ்வாண்டு அஞ்சி நிற்கும் குடும்பம் இருக்கவில்லை. அஞ்சுவதும் ஒரு கணக்குத்தான் என்பதைத் தோட்டக்காரர் எவரும் சொல்வர்: நம்முடைய எட்டுப் பரப்புக்காரர் நான்கு பரப்பு வெண்காயத்துக்குப் பதிலாக மூன்றை மட்டும் நட்டால், கணனி அவரைத் தவறு என்னும், வெண்காய விலை சரிந்த வருடத்தில் அவர் மனைவி அவரைச் சரியென்பார்.

நான்காவது நோக்கம் மட்டும் மறைந்து போகவில்லை. ஒல்லாந்தில் நைதரசன் பற்றிய அரசின் அனுமதி முறையை 2019 மே மாதத்தில் உயர் நிர்வாக நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி ஆயிரக்கணக்கான உழவு இயந்திரங்கள் நெடுஞ்சாலைகளை அடைத்துக்கொண்டு ஹேக் நகரை நோக்கிச் சென்றன. நமக்கும் இது தூரத்துச் செய்தியன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் ஊடாகப் பசளையின் நைத்திரேற்று இறங்கி, பல கிணறுகளிற் குடிக்கத் தகும் அளவை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இறைக்கும் கிணறும் குடிக்கும் கிணறும் ஒரே நீரிலிருந்து ஊறுகின்ற இடத்தில், எட்டுப் பரப்புக் கணக்கில் இன்னொரு தடையையும் எழுதவேண்டியிருக்கின்றது. அத்தடைக்குரிய எண்ணைப் பயிர் மாதிரியுருவே தரவல்லது. இட்ட பசளையிற் பயிர் எடுத்தது போக மண்ணிற் கீழிறங்குவது எவ்வளவு என்பதும் அதன் நாட்கணக்கில் உண்டு.

பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டத்தை விட்டு வீட்டுப் படலைக்கு வந்தார்கள். ஒரு நாட்டின் நிலம் முழுவதையும் ஒரே கையால் பங்கிடுவதை நிறுத்தி, தனித்தனிப் பண்ணைகளை வைத்துக் கணக்கிட்டனர். 2010 இல் தொடங்கிய சர்வதேசத் திட்டமொன்று பல நாடுகளிற் பயிர் மாதிரியுருக்களையும் பொருளியல் மாதிரியுருக்களையும் இணைத்து, காலநிலை மாறினால் கமக்குடும்பங்களுக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்தது. இலங்கை ஆய்வாளரும் அதிற் பங்குகொண்டு, வடமேல் மாகாணத்துக் குருநாகல் மாவட்ட நெற்செய்கையை எடுத்தனர். அவர்களது ஆய்வு 2015 இல் நூலாக்கத்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் உருவான டிசாற், அவுஸ்திரேலியாவில் உருவான அப்சிம் என்னும் இரண்டு பயிர் மாதிரியுருக்களில் நெல்லை வளர்த்துப் பார்த்து, அவ்விளைச்சலைப் பொருளியல் மாதிரியுருவிற் சேர்த்தார்கள். இவர்கள் கேட்ட கேள்வியின் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாவட்டத்தின் சராசரி வருமானம் எவ்வளவு குறையும் என்பதோடு நில்லாமல், நூறு குடும்பங்களில் எத்தனை குடும்பம் நட்டப்படும், எத்தனை குடும்பம் இலாபம் காணும் என்று கேட்டார்கள். குளத்தடி வயலுக்கும் வானம் பார்த்த வயலுக்கும் ஒரே சராசரியை எழுதிவிட்டால், நட்டப்படுபவர் இலாபம் காண்பவரின் பின்னால் மறைந்துபோவார் அல்லவா?

மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு விட்டுச் செல்கின்றோம். மேலே கண்ட 8 பரப்புக் காணியில், 28 மணி நேரத் தண்ணீரோடு, மிளகாயையும் மூன்றாவது பயிராகச் சேர்த்துக்கொள்க. அது பரப்பொன்றுக்கு 4 மணி நேர நீரைக் கேட்கின்றது. மிளகாய் எத்தனை பங்கு இலாபம் தந்தால் தோட்டக்காரர் அதற்கு இடம் கொடுப்பார்? ஒரு பரப்புக் காணியின் பெறுமதி 6, ஒரு மணி நேரத் தண்ணீரின் பெறுமதி 4 என்று முன்னரே கண்டோம். இவ்விரண்டு எண்களே போதும். விடை 22 என்று வந்தவர்கள், இலாபத்தை 24 ஆக்கி, வெண்காயம் என்ன ஆகின்றது என்றும் பார்க்க.